முந்நூற்று அறுபது எண்ணும் வரை

அடையாறு முகத்துவாரத்தின் படத்தில், தண்ணீர் மணலைத் தொடும் ஓரத்தில், கடுகளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது.

மாணிக்கவாசகம் இடுக்கியால் தாளைத் தூக்கிச் சிவப்பு விளக்கின் அடியில் சாய்த்துப் பிடித்தார். தூசியாக இருக்காது. நெகடிவில் தூசி உட்கார்ந்தால் பிரிண்டில் வெள்ளையாகத்தான் விழும். கறுப்பாக விழுவதென்றால் நெகடிவிலேயே அந்த இடத்தில் ஊசி குத்தினாற்போல ஓட்டை இருக்க வேண்டும். இருபத்தேழு வருஷம் இருட்டறையில் நின்றவருக்கு இதற்கு யோசனை தேவைப்படவில்லை. ஹைப்போ மருந்தின் புளித்த வாடை, குழாய் சொட்டும் சத்தம், கதவுக்கு அப்பால் முற்றத்தில் மனைவி தங்கபுஷ்பம் அம்மியில் எதையோ நசுக்கும் சத்தம், அதற்கும் அப்பால் மந்தைவெளித் தெருவில் கீரைக்காரி நீட்டி முழக்கிக்கொண்டு போகும் குரல், எல்லாம் எப்போதும்போலத்தான் இருந்தன. பகல் மணி பதினொன்று. தை மாதத்து வெயில் கதவிடுக்கில் ஒரு நூலாகத் தெரிந்தது. நெகடிவை எடுத்து, மெல்லிய தூரிகையால் அந்த ஓட்டையின்மேல் ஒரு துளி சிவப்பு மசி வைத்து அடைத்தார். இனி அந்த இடம் வெள்ளையாக விழும். பென்சிலால் மணல் நிறத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். தினமும் செய்கிற வேலை.

நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்: "படம் 13. அடையாறு முகம். கறுப்புப் புள்ளி ஒன்று. சரிசெய்யப்பட்டது."

எதையும் எழுதி வைப்பது அவர் வழக்கம். கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவர். கோடம்பாக்கத்தில் பதினான்கு வருஷம் ஸ்டில் எடுத்து, முகங்களை வெளிச்சம் போட்டுப் போட்டு அலுத்துப்போய், ஒருநாள் மரக் கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு வந்துவிட்டார். இப்போது 1974. கடலோரத்தில் மிச்சமிருக்கும் பழைய கட்டடங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்து ஆல்பமாகப் போட ஆழ்வார்பேட்டைச் சரித்திரச் சங்கத்தார் சிலர் அவரைப் பிடித்திருந்தார்கள். இருபத்துநாலு படம். மாசிக்குள் கொடுக்க வேண்டும்.

அவரைப் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. அவர் படங்களில் ஆள் இருக்காது. மெரினாவையே எடுத்தாலும் வெறிச்சோடித்தான் இருக்கும். மந்திரம் ஒன்றுமில்லை. லென்ஸின் கண்ணை ஊசிமுனை அளவுக்குச் சுருக்கி, சிவப்புக் கண்ணாடி மாட்டி, விடிகிற நேரத்து மங்கலில் மூடியைக் கழற்றிவிட்டு முந்நூற்று அறுபது எண்ணுவார். ஆறு நிமிஷம். அந்த ஆறு நிமிஷத்தில் நடக்கிறவன், ஓடுகிறவன், வலை இழுக்கிறவன், நாய், அலை, எதுவும் ஃபிலிமில் தங்காது. அசைகிறது மறைந்துபோகும். அசையாதது மட்டும் நிற்கும். கல்லும் சுவரும் நிற்கும்.

அடுத்த நெகடிவைப் போட்டார். பட்டினப்பாக்கம் கரையில் இடிந்த பங்களாவின் சுற்றுச்சுவர். தட்டில் தாள் மிதந்தது. வானம் வந்தது, சுவர் வந்தது, மணல் வந்தது. சுவரோரம் ஒரு அரிசி அளவில் ஏதோ வந்தது.

இந்தத் தடவை மசியை எடுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, உருப்பெருக்கியை நெகடிவின்மேல் வைத்துக் குனிந்தார்.

செங்குத்தாக ஒரு கோல். கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று பட்டை பட்டையாக. பக்கத்தில் ஒருவன். முழங்காலுக்குக் கீழே அவனைக் காணோம். கோலிலும் கீழே இரண்டு பட்டை இல்லை. அவை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மணல் தெரிந்தது, உலர்ந்த மணல். மற்றபடி அவன் சுவரைப்போலவே கூர்மையாக, ஆறு நிமிஷமும் இமைகூட ஆடாதவனாக நின்றிருந்தான்.

மாணிக்கவாசகம் விளக்கை அணைத்தார். மறுபடி போட்டார். பதற வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. பதறவில்லை. புரட்டாசியிலிருந்து அவருக்கு எதுவுமே உறைப்பதில்லை. விரல்நுனி மரத்துக் கிடந்தது. மருந்துத் தண்ணீரில் கை வைக்கிறவர்களுக்கு அப்படித்தான் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விரல்நுனிக்குப் பொருந்துகிற காரணம்தான்.

மத்தியானம் சாப்பிட்டு எழுந்தபோது தங்கபுஷ்பம் கரண்டியும் கையுமாக எதிரே நின்றாள்.

"ஏங்க, கொழம்புல உப்பே போடல. நான் இப்பத்தான் வாயில வச்சுப் பாத்தேன். ஒரு வார்த்த சொன்னீகளா? மாடு கணக்கா தின்னுட்டு எந்திக்கீக."

"நல்லாத்தான இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சாம்! நாளைக்கி வைக்கோலப் போடுதேன், அதையும் நல்லாருக்குன்னு சொல்லுங்க." சொல்லிவிட்டுச் சிரித்தவள் அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "உடம்புக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல."

அது உண்மையும்கூட. ஒன்றும் செய்யவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வேலம்மா வந்தாள். புரட்டாசி கடைசியிலிருந்து எல்லா வெள்ளியும் வருகிறாள். அடையாற்றுக் கரைக் குடிசையில் இருந்து கிளம்பி, பட்டினப்பாக்கத்தில் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு, பதினொன்றரை மணிக்கு முற்றத்துப் படியில் வந்து உட்காருவாள். மடியில் முருங்கைக்கீரை ஒரு கட்டு இருக்கும். அதைத் தங்கபுஷ்பத்திடம் கொடுத்துவிட்டு ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"இன்னா நைனா, போட்டோ கீதா?"

"அதான் சொன்னேனேம்மா. அந்தப் படம் கெட்டுப் போச்சு."

"கெட்டதுன்னா பரவால்ல, குடு. மூஞ்சி கொஞ்சம் தெரிஞ்சா போதும். போட்டோ இல்லாம காணாப்போன ஆள எப்டி தேடுறதுன்றாங்க ஸ்டேசன்ல. என்னாண்ட ஏது போட்டோ? எங்க கல்யாணத்துல ஒருத்தன் புடிக்க வந்தான். இந்தாளு கரீட்டா தும்மிட்டாரு. மால தெரியுது, பந்தல் தெரியுது, மாப்ளய காணோம்." அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. "பக்கத்து வூட்டு தேவானை இன்னா சொல்றா தெரியுமா? சைதாப்பேட்டைல ஒருத்திய சேத்துக்கினு குடும்பம் நடத்துறாராம். கொயாயாண்ட தண்ணி புடிக்கச்சொல்ல அல்லாரும் கேக்குறாப்ல சொல்றா. நான் பொட்டு வச்சிக்கறதா, அழிக்கறதா, நீயே சொல்லு நைனா. ஆளு கீறாரா, இல்லியா?"

அவர் விரல்நுனியைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கி நின்னு முடிச்சிட்டு, கூலி வாங்கிக்கினு, எந்தப் பக்கமா போனாரு? தெக்கயா, வடக்கயா?"

"வடக்கதான். திருவான்மியூர்ப் பக்கமாத்தான் நடந்து போனாரு."

இதையும் பதினைந்து வெள்ளிக்கிழமையாகச் சொல்லிவருகிறார். சொல்லிச் சொல்லி, வடக்கே நடந்து போகிற ஒரு முதுகு அவருக்கே கண்ணில் தெரிய ஆரம்பித்திருந்தது.

வேலம்மா எழுந்து சேலையைத் தட்டினாள். "நீ அசையக்கூடாதுன்னு சொல்லிட்டியாம். வூட்ல சொவுத்தாண்ட வெளக்கமாத்த புடிச்சிக்கினு நின்னு நின்னு பயகுவாரு. மூக்கு மேல ஈ குந்திச்சின்னாகூட தட்ட மாட்டாரு. புள்ளைங்க கிச்சுகிச்சு மூட்டுங்க. ஊஹூம்." படியிறங்கினவள் திரும்பினாள். "ஆனா எனக்கு ஒண்ணுதான் வெளங்கல. கடலாண்ட வேலைன்னு எப்டி ஒத்துக்கினாரு? தண்ணின்னாலே அந்தாளுக்கு உசுரு போவும். ஆத்தாண்டயே பொறந்த ஆளு, ஒருநாளும் ஆத்துல கால வச்சதில்ல. நீச்சலுன்னா இன்னான்னே தெரியாது."

அவள் போன பிறகு மாணிக்கவாசகம் அவள் உட்கார்ந்திருந்த படியில் உட்கார்ந்தார். நீச்சல் தெரியாது. ஆற்றங்கரைக்காரன், நீந்தி வந்துவிடுவான் என்றுதான் அன்றைக்கு அவர் நினைத்தார். அப்படி நினைத்ததாகத்தான் இத்தனை நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலம்மாவின் புருஷன் அம்மாசி கட்டட வேலைக்கு மண் சுமந்தவன். இந்த ஆல்பத்துக்குப் பழங்கட்டடங்களை எடுக்கும்போது மட்டும் உயரம் தெரிவதற்காகப் பக்கத்தில் ஒருவன் கோல் பிடித்து நிற்க வேண்டும். ஆறடிக் கோல், அடிக்கு ஒரு பட்டை, கீழிருந்து கறுப்பு வெள்ளையாக மாறி மாறி. ஆறு நிமிஷம் கோலோடு கோலாக நிற்கத் தெரிந்த ஆள் கிடைப்பது லேசில்லை. அம்மாசி மூன்றாம் படத்தில் ஒருதரம் கழுத்தைச் சொறிந்து ஃபிலிமைக் கெடுத்தான். "நான் சொல்ற வரைக்கும் அசையாத! அசைஞ்சா படம் போச்சு!" என்று அவர் கத்தின கத்தலில் கரையில் வலை உலர்த்தியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதன் பிறகு அவன் அசைந்ததில்லை. அவர் உரக்க எண்ணுவார். முந்நூற்று அறுபது வந்ததும் மூடியைப் போட்டுவிட்டு, "போதும் அம்மாசி, வந்துரு" என்பார். அப்போதுதான் அவன் மூச்சே விடுவான்.

பன்னிரண்டாம் படம், திருவான்மியூருக்குத் தெற்கே, கடல் தின்றது போக மிச்சமிருந்த பழைய உப்புக் கிடங்கு. வாசல் வளைவு மட்டும் தண்ணீரில் நின்றது. நீர் வற்றியிருந்த விடியலில் அம்மாசி வளைவின் காலடியில் போய் நின்றான். முழங்கால் தண்ணீர். அவர் மூடியைக் கழற்றி எண்ணினார். முந்நூற்று அறுபது. மூடியைப் போட்டபோதுதான் ஃபிலிமில் வெளிச்சம் படாமல் மறைக்கும் தடுப்புத் தகட்டை உருவவே இல்லை என்று கண்டார். ஆறு நிமிஷமும் தண்டம். வெளிச்சமும் தண்ணீரும் ஏறிக்கொண்டிருந்தன. "போதும்" என்று சொல்லி, அவன் வந்து, மறுபடி போய் நின்று, அதற்கெல்லாம் நேரமில்லை. எதுவும் சொல்லாமல் தகட்டை உருவி, மூடியைக் கழற்றி, ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.

நூறில் தண்ணீர் மூன்றாம் பட்டையில் இருந்தது. நூற்றெண்பதில் நான்காம் பட்டை. அவன் பார்வை லென்ஸின் மேலேயே இருந்தது. இருநூற்று நாற்பது என்று சொல்லும்போது ஒரு பெரிய அலை வளைவின் தோளுக்கு எழும்பி விழுந்தது. அலை வடிந்தபோது அம்மாசி இல்லை. கோலும் இல்லை.

மூடி அவர் கையில் இருந்தது. தண்ணீருக்கும் அவருக்கும் நாற்பதடி.

"இருநூத்தி நாப்பத்தொண்ணு," என்றார் மாணிக்கவாசகம். "இருநூத்தி நாப்பத்திரெண்டு."

முந்நூற்று அறுபது வரை எண்ணி முடித்துவிட்டுத்தான் ஓடினார். ஆளும் கிடைக்கவில்லை, கோலும் கிடைக்கவில்லை.

அந்தப் படம் கெடவில்லை. அவர் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். நாலு நிமிஷம் நின்றவனுக்கு நாலு நிமிஷத்து உடம்பு விழுந்திருந்தது. மிச்ச இரண்டு நிமிஷத்து வெறும் சுவர் அவன் நெஞ்சுக்குள் தெரிந்தது. ஒரு தடவை பார்த்தார். உறையில் போட்டு, அலமாரியில் பழைய ஃபிலிம் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தார். நோட்டுப் புத்தகத்தில் "படம் 12. கெட்டது" என்று எழுதினார். அதற்கப்புறம் கோல் பிடிக்க யாரையும் கூப்பிடவில்லை. பதின்மூன்றிலிருந்து எல்லாப் படமும் ஆளில்லாமல், கோலில்லாமல் எடுத்தவை.

சனிக்கிழமை சங்கத்துக் கருணாகரன் வந்தார். ரிட்டையர்டு எஞ்சினியர். மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, ஈரம் காயாத பிரிண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பேஷ்! ஒரு ஜனம் இல்லாம எப்படி சார் எடுக்கறீங்க? ஊரையே காலி பண்ணிட்டு எடுத்தாப்பல." சாந்தோம் தெருவில் எடுத்த பழைய வாசல் வளைவின் படம் வந்ததும் நிறுத்தினார். "இந்தப் புதுப் படங்கள்ல இதுல மட்டும் அளவுகோல் ஆள நிறுத்தியிருக்கீங்க. நல்லதுதான், உயரம் தெரியும். ஆனா இதென்ன, இடுப்புக்குக் கீழ காணோம்? கோல்லயும் மூணு பட்டைதான் இருக்கு. டச் பண்றப்ப கைதவறிட்டீங்களா?"

மாணிக்கவாசகம் எட்டிப் பார்த்தார். கட்டைவிரல் நகம் அளவுக்கு இருந்தான். அவனுக்குக் கீழே தார் ரோடு. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத ரோடு. இடுப்பு இருக்க வேண்டிய இடத்தோடு அவன் நின்றுபோயிருந்தான், எதிலோ இறங்கி நிற்பவனைப்போல.

"சரி பண்ணிடறேன் சார்."

"பண்ணிடுங்க. அப்புறம், அந்த உப்புக் கிடங்கு? அதுதான் அட்டைக்குன்னு பேசிக்கிட்டோம்."

"அது கெட்டுப் போச்சு சார்."

"அடடா. திரும்ப எடுக்கவும் முடியாதே. போன வாரம் அந்த வளைவும் விழுந்துடுத்தாம். தெரியுமோ?"

அவர் போனதும் மாணிக்கவாசகம் பதின்மூன்றிலிருந்து இருபத்துநாலு வரை எல்லா நெகடிவையும் தேதிவாரியாக ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் அம்மாசி இருந்தான். ஒவ்வொன்றிலும் முந்தினதைவிடப் பெரியவனாக. ஒவ்வொன்றிலும் கீழே இன்னும் கொஞ்சம் குறைந்து. கேமரா எங்கே இருந்ததோ, அந்தப் பக்கமாகவே முகம். வந்துகொண்டிருக்கிறான் என்று முதலில் தோன்றியது. பிறகு, இல்லை, வரவில்லை என்று புரிந்தது. வருகிறவன் படத்தில் விழமாட்டான். இவன் நிற்கிறான். அவர் மூடியைக் கழற்றுகிற இடமெல்லாம் நிற்கிறான். சொல்கிற வரைக்கும் அசையாதே என்று அவர்தான் சொல்லியிருந்தார். நிற்கிறான்.

நாலு நாள் அவர் எதையும் பிரிண்ட் போடவில்லை. கை கழுவினார். கை கழுவினது போலத் தெரியாமல் மறுபடி கழுவினார். புதன்கிழமை, தங்கபுஷ்பம் கபாலி கோயிலுக்குப் போயிருந்தபோது, காலையில் கேமராவைக் கூடத்தில் நிறுத்தி முற்றத்தைப் பார்க்கத் திருப்பினார். கேமராவில் எங்கோ ஒளி கசிகிறது, அதைச் சோதிக்கலாம் என்று காரணம் வைத்துக்கொண்டார். முற்றத்தில் கிணறு, கயிறு, கவிழ்த்த குடம், கொடியில் ஒரு துண்டு. யாரும் இல்லை. முந்நூற்று அறுபது எண்ணினார்.

நெகடிவ் காய்வதற்குக்கூடப் பொறுக்கவில்லை. ஈரத்தோடு போட்டார். தட்டில் கிணற்றுச் சுவர் வந்தது. குடம் வந்தது. துண்டு வந்தது. கிணற்றுக்கு இந்தப் பக்கம், ஐந்தடி உயரத்தில், ஒரு தலை வந்தது.

கழுத்து வரைதான். அதற்குக் கீழே கிணற்றுச் சுவரின் காரை விரிசல் தெளிவாகத் தெரிந்தது. தலைக்குப் பக்கத்தில் கோலின் கடைசிப் பட்டை, வெள்ளை. தலைமயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது. கன்னம் இரண்டும் உப்பி, வாய் இறுக்கி மூடியிருந்தது. மூச்சைப் பிடித்திருக்கிறான். கண் திறந்திருந்தது. கண்ணில் கோபம் இல்லை, வலி இல்லை. கவனம் மட்டும் இருந்தது. வாத்தியார் வாயைப் பார்க்கிற பிள்ளையின் கவனம்.

மாணிக்கவாசகம் தாளைத் தட்டில் குப்புறக் கவிழ்த்தார்.

அன்று மாலை முழுக்க யோசித்தார். வழி இரண்டு இருந்தது. நாளை மறுநாள் வெள்ளி. வேலம்மா வருவாள். பன்னிரண்டாம் படத்தைப் பிரிண்ட் போட்டு அவள் கையில் கொடுத்து, நடந்ததைச் சொல்லலாம். வடக்கே யாரும் போகவில்லையம்மா, நீ பொட்டை அழித்துவிடு, அவன் முழுகின பிறகும் நான் நூற்றிருபது எண்ணிக்கொண்டிருந்தேன். இது ஒரு வழி. வாயைத் திறந்து பார்த்தார். அந்த வாக்கியம் நாக்குக்கு வரவில்லை. இன்னொரு வழி சுலபம். செத்தவனுக்கு ஒரே வார்த்தை பாக்கி. அதைச் சொல்லிவிட்டால் அவன் போய்விடுவான். உயிரோடு இருக்கிறவளுக்கு எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

வியாழக்கிழமை காலை, தங்கபுஷ்பம் அடுப்படியில் இருக்கும்போது, முற்றத்தின் நடுவில் நின்று கிணற்றைப் பார்த்துச் சொன்னார். வழக்கமாகச் சொல்வதையே சொன்னார். வேறு விதமாகச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

"போதும் அம்மாசி, வந்துரு."

காக்கை ஒன்று கத்தியது. குடத்தில் வெயில் பட்டது.

அதே இடத்தில் கேமராவை வைத்து ஆறு நிமிஷம் எடுத்தார். கழுவினார். முற்றம் காலி. சுத்தமான காலி. ஓடிப்போய் மற்ற நெகடிவுகளை எடுத்தார். பட்டினப்பாக்கம், காலி. சாந்தோம், காலி. கரைகளெல்லாம் துடைத்து வைத்தாற்போல. நாற்காலியில் உட்கார்ந்தார். மாதக் கணக்கில் இல்லாத பசி எடுத்தது.

தங்கபுஷ்பம் காப்பி கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்ததும் நாக்கில் ருசி தெரிந்தது. உப்பு.

"காப்பியில உப்பப் போட்டியா?"

"என்னது? நேத்து வரைக்கும் கொழம்புல உப்பு இல்லாட்டி தெரியல, இன்னிக்கி காப்பியில உப்பு தெரியுதாக்கும்!" அவள் டம்ளரை வாங்கி ஒரு மடக்குக் குடித்தாள். "சீனிதான். உங்க நாக்குக்கு என்ன வந்திச்சி?"

தண்ணீரும் உப்பாக இருந்தது. எச்சிலும்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு இருட்டறைக்குள் போய்த் தாழ் போட்டார். வேலம்மா வருவதற்குள் பன்னிரண்டாம் நெகடிவைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று எண்ணம். அலமாரியின் பின்னாலிருந்து உறையை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார்.

வளைவு இருந்தது. கடல் இருந்தது. அம்மாசி இல்லை. அவன் நெஞ்சுக்குள் தெரிந்த சுவர் இப்போது முழுச் சுவராக இருந்தது.

நிஜமாக நின்ற ஒரே படம். வேலம்மாவுக்கு உலகத்தில் இருந்த ஒரே முகம். அதுவும் போய்விட்டது. கிழிக்கக்கூட வேண்டியதில்லை. நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரு பிரிண்ட் போட்டார். தாளைத் தட்டில் அமிழ்த்தி, ஓரத்தைத் தூக்கித் தூக்கி ஆட்டினார். சிவப்பு வெளிச்சத்தில் வளைவு மெல்ல எழுந்து வந்தது. வெறும் வளைவு.

படம் காலியாக இருந்தால் என்ன அர்த்தம்?

இருபத்தேழு வருஷமாகத் தெரிந்த அர்த்தம்தான். ஆளில்லை என்பதல்ல.

அசைகிறது மறைந்துபோகும்.

வந்துரு என்று சொல்லியிருந்தார். அம்மாசி சொன்னதைச் செய்கிறவன்.

குழாய் சொட்டுவது நின்றிருந்தது. அம்மிச் சத்தம் இல்லை. தெருச் சத்தம் இல்லை. அறைக்குள் ஹைப்போ வாடைக்கு மேலே வேறொரு வாடை. ஈரக் காரை. பாசி.

கணுக்காலில் குளிர்ந்தது.

குனிந்து பார்த்தார். தரை காய்ந்து கிடந்தது. சிமெண்டில் விளக்கின் சிவப்பு. வேறொன்றுமில்லை. ஆனால் குளிர் இருந்தது. மரத்துப்போன தோலில் மாதக் கணக்குக்குப் பிறகு ஏறுகிற முதல் உணர்ச்சி. கணுக்கால். முழங்கால். வேட்டி நனையாமலே தொடையோடு ஒட்டிக்கொண்டது.

கதவு மூன்றடி தூரம். கையை நீட்டினால் தாழ்.

வலது கையில் ஏதோ இருந்தது. எப்போது வந்தது என்று தெரியவில்லை. உருண்டையான மரம். ஊறி உப்பிய மரம். விரல்கள் அதைச் சுற்றித் தாமாக மூடிக்கொண்டிருந்தன. பார்க்காமலே தெரிந்தது. கறுப்பு, வெள்ளை, கறுப்பு.

"ஏங்க," வெளியே தங்கபுஷ்பத்தின் குரல், எங்கோ தூரத்தில், "வேலம்மா வந்திருக்கா."

கதவில் விரல் முட்டியால் தட்டும் சத்தம்.

"நைனா. போட்டோ கீதா?"

இடுப்பு.

இப்போது சொல்லலாம். ஒரே வாக்கியம். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் நிற்கிறாள். சொல்லிவிடலாம். வாய் திறக்கவில்லை. கழுத்து திரும்பவில்லை. அசைஞ்சா படம் போச்சு.

காதுக்குப் பின்னால், வெகு பக்கத்தில், யாரோ மூச்சை விட்டார்கள். நெடுநாள் பிடித்து வைத்திருந்த மூச்சு. பிறகு குரல் வந்தது. கரகரப்பு இல்லை, கோபம் இல்லை. தொண்டையில் தண்ணீர் மட்டும். நிதானமாக, அவர் எண்ணுகிற அதே நிதானத்தில்.

"இருநூத்தி நாப்பத்தொண்ணு."

நெஞ்சு.

"நைனா? உள்ளதான் கீறியா? ஒரு வார்த்த சொல்லேன்."

"இருநூத்தி எண்பது."

தோள். அவர் மூக்குக்கண்ணாடியில் ஒரு துளிகூடப் படவில்லை. தட்டில் மிதக்கும் தாளில் வளைவின் காலடியில் ஒரு கறுப்புக் கோடு எழும்பிக்கொண்டிருந்தது. கோலும், பக்கத்தில் ஒரு ஆளும். கண்ணாடி போட்ட ஆள். நெஞ்சுக்குள் சுவர் தெரியாத, முழு ஆள்.

"முந்நூத்தி இருபது."

கழுத்து. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கன்னம் உப்பியது. அறுபது வரைதான். முந்நூற்று அறுபது வந்தால் சொல்லிவிடுவான். சொல்லத்தான் வேண்டும். அதுதான் வழக்கம்.

கதவுக்கு அப்பால் வேலம்மா படியில் உட்காருகிற சத்தம். கீரைக்கட்டைக் கீழே வைக்கிற சத்தம்.

"முந்நூத்தி ஐம்பத்தெட்டு."

உதடு.

"முந்நூத்தி ஐம்பத்தொம்பது."

மூக்கு.

"முந்நூத்தி அறுவது."

அவர் காத்திருந்தார். கண் திறந்திருந்தது. கோலை நேராகப் பிடித்திருந்தார். கொஞ்சமும் அசையவில்லை.

"முந்நூத்தி அறுவத்தொண்ணு," என்றது குரல்.